78 நாள் குடியரசுத் தலைவர்

1969 ஜூலை 19, சனிக்கிழமை. அன்று டெல்லியில் கையெழுத்தான ஓர் அவசரச் சட்டம் இல்லையென்றால், ஆவடி டேங்க் ஃபேக்டரி ஃபிட்டரின் மகளான நான் வங்கி வேலைக்குப் போயிருக்கவே மாட்டேன். ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த 14 தனியார் வங்கிகளை அரசுடைமை ஆக்கிய சட்டம் அது. சென்னையில் தலைமையகம் வைத்திருந்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பதினான்கில் அடக்கம். இரவு இந்திரா காந்தி வானொலியில் நாட்டுக்கு அறிவித்தார். ஆண்டுதோறும் ஜூலை 19 வந்தால் எங்கள் வங்கி ஊழியர் சங்கத்தில் கூட்டம் போடுவோம், இந்திராவின் பெயரைச் சொல்வோம். கையெழுத்துப் போட்டவரின் பெயரைச் சொல்லி ஒருவர் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

அவர் வி.வி.கிரி. அன்று அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் இல்லை. மே 3-ம் தேதி ஜாகிர் உசேன் மறைந்தார். பதவியில் இருக்கும்போதே இறந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். துணைத் தலைவராக இருந்த கிரி அன்றே அந்தப் பொறுப்பை ஏற்றார். ஜூலை 20-ம் தேதி விலகினார். மொத்தம் 78 நாள். அதன் கடைசிக்கு முந்தைய நாளில் போட்டதுதான் வங்கிக் கையெழுத்து.

எங்கள் கரையான்சாவடியில் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் இப்போது ஒரே பதில்தான்: "சார் பொறுப்புலதான் இருக்காரு, ரெகுலர் ஆள் வரட்டும்." பொறுப்பில் இருப்பவர் என்றால் கையெழுத்துப் போடப் பயப்படுபவர், கோப்பைத் தள்ளிவைப்பவர், நாள் கடத்துபவர் என்று மக்களே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த நினைப்பு தவறு என்பதற்கு கிரியின் 78 நாள்தான் சாட்சி. அவரைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரி பிறந்தது 1894-ல், பெர்ஹாம்பூரில். இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. அப்பா வக்கீல். மகன் 1913-ல் சட்டம் படிக்க லண்டன் போகாமல் டப்ளினுக்குப் போனார். அயர்லாந்து அப்போது ஆங்கிலேயருக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. 1916 ஈஸ்டர் எழுச்சி நடந்தபோது இந்த மாணவர்மீதும் போலீஸின் கண் விழுந்தது. நாட்டைவிட்டுப் போ என்றார்கள். அந்த ஆண்டே திரும்பினார். தொழிற்சங்கத்தை எப்படிக் கட்டுவது என்பதை அங்கே அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தார். ஊருக்கு வந்து வக்கீல் தொழில் பார்த்தாலும் மனம் ரயில்வேத் தொழிலாளர் பக்கமே போயிற்று. பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் சங்கம் கட்டினார். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம் உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். 1928-ல் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்காக அவர் நடத்திய வேலைநிறுத்தம் அடிதடி இல்லாமல் வென்றது. ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவராகவும் இரண்டு முறை இருந்தார்.

1937-ல் சென்னை மாகாணத் தேர்தல். நீதிக் கட்சியின் தலைவரும் மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவருமான பொப்பிலி ராஜாவை, அவர் சொந்த மண்ணிலேயே கிரி தோற்கடித்தார். ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையும் தொழில் துறையும் அவருக்கு வந்தன. ஆக, நம் கோட்டையில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர் அவர். 1942-ல் பிடிபட்டு வேலூர் சிறையிலும் அமராவதி சிறையிலும் மூன்று ஆண்டு கிடந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கைக்கு இந்தியாவின் முதல் ஹைகமிஷனராகப் போனார். 1948-ல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது அவர் கொழும்பில் இருந்த காலத்தில்தான்.

இவ்வளவும் பெரிய வாழ்க்கைதான். ஆனால் எனக்கு முக்கியம் 1954. கிரி அப்போது நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சர். நாடு முழுக்க வங்கி ஊழியர் சம்பளத் தகராறு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியருக்குச் சாதகமாகச் சில பலன்களைத் தந்தது. மத்திய அரசு அந்தத் தீர்ப்பை மாற்றி, கொடுத்ததில் ஒரு பகுதியை வெட்டியது. துறை அமைச்சர் கிரிக்கு அது உடன்பாடில்லை. ஆகஸ்டில் பதவியை உதறினார். பிறகு அரசு ஓர் ஆணையம் அமைத்தது; 1955-ல் அதன் பரிந்துரைகளைச் சட்டமாக்கியது. வெட்டியதில் பெரும்பகுதி ஊழியருக்குத் திரும்பக் கிடைத்தது.

கிரிக்கு இதில் ஒரு கொள்கை இருந்தது. தொழிலாளர் தகராறு என்றாலே தீர்ப்பாயத்துக்குத் தள்ளிவிடுவது அவருக்குப் பிடிக்காது. சங்கமும் முதலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும் என்பார். 'கிரி அணுகுமுறை' என்றே அதற்குப் பெயர் உண்டு. 1966-ல் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் செய்துகொண்ட முதல் இருதரப்பு ஒப்பந்தம் அந்த வழியில் வந்ததுதான். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க என் சம்பளம் உயர்ந்தது அந்த ஒப்பந்தங்களின் வரிசையில்தான். தீர்ப்பாயத்தின் வாசலில் நான் ஒரு நாளும் நிற்க வேண்டி வரவில்லை.

இப்போது 1969-க்கு வருவோம். காங்கிரஸ் உடையத் தயாராக இருந்த கோடை அது. ஜூலையில் பெங்களூரில் கூடிய கட்சியின் மூத்த தலைவர்கள், காமராஜர் உட்பட, நீலம் சஞ்சீவ ரெட்டியைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கினார்கள். இந்திராவுக்கு அதில் விருப்பமில்லை. கிரி சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். ஜூலை 16-ல் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது. மூன்றாம் நாள் வங்கிகள் அரசுக்கு வந்தன. நான்காம் நாள் கிரி விலகினார்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒரு கேள்வி வந்தே தீரும். அன்றைக்கே பலரும் கேட்ட கேள்விதான். திங்கட்கிழமை, ஜூலை 21, நாடாளுமன்றம் கூடவிருந்தது. இரண்டு நாள் பொறுத்து மசோதாவாகக் கொண்டுவந்திருக்கலாமே? அதுவும் கையெழுத்துப் போடுபவர் யார்? தற்காலிகப் பொறுப்பில் இருப்பவர்; பிரதமரின் ஆதரவு வேண்டி நிற்கும் வேட்பாளர். இவர் போடும் கையெழுத்துக்கு என்ன மரியாதை?

கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அந்த இரண்டு நாள் அவசரத்தை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் அந்த அவசரம் அமைச்சரவையினுடையது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியது 1976-ல், 42-வது திருத்தத்தில்தான். அதற்கு முன்பே நடைமுறையும் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லிவந்தன. கிரி மறுத்திருந்தால், பொறுப்புத் தலைவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையின் முடிவைத் தடுத்தார் என்றல்லவா வரலாறு எழுதியிருக்கும்? வங்கி ஊழியருக்காக ஓர் அமைச்சர் பதவியையே பதினைந்து ஆண்டு முன்னால் துறந்தவர் அவர். வங்கி பொதுச் சொத்தாவதற்கு அவர் கை நடுங்காமல் கையெழுத்திட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கையெழுத்தின் மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் 65-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. குடியரசுத் தலைவரின் வேலையைப் பார்க்கும் துணைத் தலைவருக்கு அந்தக் காலத்தில் அவருடைய எல்லா அதிகாரமும் உண்டு, எல்லாப் பாதுகாப்பும் உண்டு, சம்பளமும் அதே சம்பளம். அரை அதிகாரம், கால் அதிகாரம் என்று எங்கேயும் இல்லை. மாநிலங்களவைத் தலைவர் வேலையை மட்டும் அந்த நாட்களில் அவர் பார்க்கக் கூடாது.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் கிளையில் மேனேஜர் லீவில் போனால் அக்கவுண்டன்ட் அந்த இடத்தில் உட்காருவார், 'ஆபீஷியேட்டிங்' என்போம். சீனியர் கிளார்க்காக இருந்தபோது ஆபீசர் இடத்தில் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஸ்ட்ராங் ரூம் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று ஹெட் கேஷியரிடம், இன்னொன்று ஆபீசரிடம். அந்த இரண்டாவது சாவி அன்றைக்கு என் கையில். ரெஜிஸ்டரில் சாவி வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து, பணத்தை எண்ணி முடித்ததற்குக் கையெழுத்து. டிமாண்ட் டிராஃப்டில் என் பெயரும் என் கையெழுத்து எண்ணும். அதை டெல்லியிலோ தூத்துக்குடியிலோ கொண்டுபோய்க் கொடுத்தால், "இவர் ரெகுலர் ஆபீசரா?" என்று கேட்டு யாரும் திருப்பி அனுப்ப முடியாது. தவறு நடந்தால், நான் தற்காலிகம்தான் என்று சொல்லி நானும் தப்பிக்க முடியாது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு ஆபீசர்.

அந்தச் சட்டம் செய்த வேலையை நான் அம்பத்தூர் எஸ்டேட் கிளையில் கண்ணால் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆள்தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு எழுதி உள்ளே வந்தவள் நான். எனக்குச் சிபாரிசு செய்ய யாரும் இல்லை. வங்கி இயக்குநர் யாரும் எங்கள் உறவினர் இல்லை. எஸ்டேட்டில் ஒற்றை லேத் வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர்கள் கடன் கேட்டு வருவார்கள். பலர் முன்னாள் தொழிலாளிகள். வேலையை விட்டு வந்த பணத்தில் பழைய மெஷின் வாங்கிப் போட்டவர்கள். ஃபீல்டு ஆபீசருடன் நானும் அப்படி ஒருவருடைய ஷெட்டுக்குப் போயிருக்கிறேன். தகரக் கூரை, கட்டிங் ஆயிலின் வாடை, தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். மெஷினின் பச்சை உடம்பில் வெள்ளைப் பெயிண்டால் எங்கள் வங்கியின் பெயர், 'ஹைப்பாதிகேஷன்' என்ற சொல்லுடன் எழுதியிருக்கும். அடமானம் என்று ஊருக்கே தெரிவது பற்றி அந்த மனிதர் வெட்கப்படவில்லை. வங்கி தன்னை நம்பியதற்கான சான்றிதழ் போல அதைத் துடைத்து வைத்திருந்தார். அதற்கு முன் அவர் ஓட்டியது வட்டிக் கடையில் வாங்கிய பணத்தில். கரையான்சாவடி மார்க்கெட்டில் பூ விற்பவர்களும் காய் விற்பவர்களும் இன்றும் தண்டலுக்குத்தான் பணம் வாங்குகிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை. அரசு வங்கி செய்யாமல் விட்ட வேலை அது. ஆனால் லேத்காரரின் ஷெட்டுக்குள் வங்கி நுழைந்தது அந்த ஜூலை 19-க்குப் பிறகுதான்.

கிரி விலகியதும் இன்னொரு சிக்கல். துணைத் தலைவர் பதவியிலிருந்தும் அவர் விலகிவிட்டார். அப்படியானால் அந்த நாற்காலியில் யார்? நல்ல வேளையாக, அந்தச் சாத்தியத்தை நாடாளுமன்றம் முன்பே யோசித்து, மே மாதக் கடைசியிலேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. இரண்டு பதவியும் காலியானால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அந்த வேலையைப் பார்ப்பார். அப்படி வந்தவர் முகமது இதயதுல்லா. 35 நாள் இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லி வந்தபோது வரவேற்றவர் அவர்தான். வங்கி அவசரச் சட்டம் மசோதாவாகி இரு அவைகளிலும் நிறைவேறி வந்தபோது, ஆகஸ்ட் 9-ம் தேதி ஒப்புதல் அளித்தவரும் அவர்தான். அதாவது, இந்தியப் பொருளாதாரத்தையே திருப்பிப்போட்ட சட்டத்தின் இரண்டு கட்டத்திலும் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பொறுப்புத் தலைவர்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து கூப்பர் என்ற பங்குதாரர் போட்ட வழக்கை 11 நீதிபதிகள் விசாரித்தார்கள். அந்த அமர்வில் தலைமை நீதிபதி இதயதுல்லா உட்காரவில்லை. தான் ஒப்புதல் கொடுத்த சட்டத்துக்குத் தானே தீர்ப்பெழுதுவது முறையில்லை. 1970 பிப்ரவரி 10-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நான்காம் நாள் புதிய அவசரச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் மறுபடியும் கிரி. இந்த முறை முழுக் குடியரசுத் தலைவராக.

1969 ஜூலையில் கிரி விலகியதை நான் பெரிதாக மதிக்கிறேன். குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்துகொண்டே அவர் வேட்பாளராக நின்றிருக்கலாம். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் மாளிகையைவிட்டு வெளியே வந்துதான் ஓட்டுக் கேட்டார். 2022 ஜூலையில் இலங்கையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோத்தபய தப்பி ஓடிய பின் ரணில் விக்கிரமசிங்கே பொறுப்பு ஜனாதிபதியானார். அந்தப் பதவியில் இருந்தபடியே அவசரநிலையை அறிவித்தார். அந்த வாரமே நாடாளுமன்றத்தில் வேட்பாளராக நின்று 134 ஓட்டு வாங்கி ஜனாதிபதியானார். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. கிரியின் வழி அதைவிட நல்ல வழி என்று மட்டும் சொல்வேன்.

ஆகஸ்ட் 16 தேர்தல் கடுமையானது. மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார் இந்திரா. முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணி, 4,20,077-க்கு 4,05,427 என்று கிரி வென்றார். சட்டமன்றத்தில் திமுக அவருக்கு ஓட்டுப் போட்டது. தேர்தல் செல்லாது என்று போடப்பட்ட வழக்கில் 1970-ல், குடியரசுத் தலைவராக இருக்கும்போதே, அவர் நீதிபதிகள் முன்னால் சாட்சியாக வந்து பதில் சொன்னார். வழக்கு தள்ளுபடியானது.

அதற்குப் பிறகு ஐந்து ஆண்டு. இங்கேதான் எனக்கு மனவருத்தம்.

1974 மே 8. ரயில்வே வேலைநிறுத்தம். சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். தலைமை தாங்கியது, கிரி தன் இளமையில் கட்டிய அதே அகில இந்திய சம்மேளனம். அதன் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அரசு ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் அடைத்தது, வேலையைவிட்டு நீக்கியது, ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை வெளியே தள்ளியது. எங்கள் தெருவில் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸுக்குப் போய்வந்த ஒருவர் இருந்தார். போலீஸ் தேடுகிறது என்று அவர் இரவில் வீட்டில் தங்குவதில்லை. அவருடைய பிள்ளைகள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அப்பா சாயங்காலம் ஆவடியிலிருந்து சைக்கிளில் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ரேடியோவைத் திருகுவார். "கிரி சங்கத்து ஆளாச்சே, ஏதாவது சொல்லுவாரு பாரு" என்பார். கிரி வெளிப்படையாக எதுவும் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மே 27-ல் வேலைநிறுத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். அப்பாவும் ரேடியோ கேட்பதை நிறுத்தினார்.

குடியரசுத் தலைவரால் அமைச்சரவையை மீற முடியாது, தெரியும். ஆனால் 1954-ல் ஓர் அமைச்சராகக்கூட அவரால் பொறுக்க முடியாமல் வெளியே வந்த மனிதர் 1974-ல் அப்படி வெளியே வரவில்லை. மூன்று மாதத்தில் அவர் பதவிக்காலம் முடியவிருந்தது; இழக்கப் பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு பாரத ரத்னா கொடுத்தார்கள். 1980-ல் இதே சென்னையில் இறந்தார். அவருடைய ஐந்து ஆண்டு முழுப் பதவியைவிட அந்த 78 நாளையே நான் உயர்வாக நினைக்கிறேன். ஒருவருடைய பதவி நிரந்தரமா தற்காலிகமா என்பதை வைத்து அவர் வேலையை அளக்க முடியாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையின் இந்த இரண்டு பகுதியே போதும்.

மூன்றாவது பொறுப்புத் தலைவர் பி.டி.ஜாட்டி. ஜமகண்டியில் நகராட்சி உறுப்பினராகத் தொடங்கியவர், மைசூர் முதலமைச்சராக இருந்தவர், புதுச்சேரிக்கு நான்கு ஆண்டு துணைநிலை ஆளுநராக இருந்து நமக்கும் தெரிந்தவர். 1977 பிப்ரவரியில் பக்ருதீன் அலி அகமது இறந்ததும் வந்து ஜூலை 25 வரை இருந்தார். நெருக்கடி நிலையின் முடிவு, ஜனதா அரசின் பதவியேற்பு, ஒன்பது மாநில சட்டமன்றங்களின் கலைப்பு எல்லாம் அவர் காலத்தில். கலைப்பு ஆணையில் அவர் முதலில் தயங்கினார். அமைச்சரவை பிடிவாதம் பிடிக்கவும் ஏப்ரல் 30-ல் கையெழுத்திட்டார். தமிழ்நாட்டில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. எம்.ஜி.ஆர். பதவியேற்ற ஜூன் 30 வரை நாலரை மாதம் இந்த மாநிலத்தின் ஆட்சி அவர் பெயரில்தான் நடந்தது.

மூன்று பேரும் சில வாரம், சில மாதம் இருந்து போனார்கள். அது தற்செயல் இல்லை. குடியரசுத் தலைவர் இறந்தாலோ விலகினாலோ ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 62-வது பிரிவு கெடு வைத்திருக்கிறது. அதிகாரத்தை முழுசாகக் கொடு, காலத்தைக் குறுக்கி வை. அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள்.

நம் மாநிலத்தில் இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ். காலம் நீளுகிறது, அதிகாரம் குறுகுகிறது. 2016 செப்டம்பரிலிருந்து 2017 அக்டோபர் வரை தமிழ்நாட்டுக்குத் தனி ஆளுநர் இல்லை. மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். ஜெயலலிதா மருத்துவமனையில் கிடந்ததும் இறந்ததும், ஓ.பன்னீர்செல்வம் விலகியதும், எடப்பாடி பழனிசாமி பதவியேற்றதும் அந்தப் பதின்மூன்று மாதத்துக்குள். நாடே கவனித்துக்கொண்டிருந்த நெருக்கடியில் நமக்கு முழுநேர ஆளுநர் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஒருங்கிணைப்புக் குழு. இதில் ஆளுநருக்கும் அரசுக்கும் எழுந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போட ஒரு துணைவேந்தர் வேண்டாமா அந்தப் பிள்ளைகளுக்கு? காவல்துறைத் தலைவர் பதவியில் பொறுப்பு டி.ஜி.பி. என்று யாரையும் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் 31-ல் தமிழ்நாட்டில் பொறுப்பு டி.ஜி.பி.தான் வந்தார்.

மேலே இப்படி என்றால் கீழே கேட்கவே வேண்டாம். என் அக்கா வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாக நடந்தாள். அங்கே பொறுப்பில் இருந்தவருக்கு இன்னொரு ஊரிலும் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் வருவார்; அந்த இரண்டு நாளிலும் கூட்டம், ஆய்வு என்று பாதி போய்விடும். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மனிதரிடம் இரண்டு ஊரின் சாவியைக் கொடுத்துவிட்டு, எதையும் திறக்காதே என்று வாய்மொழியாகச் சொல்லிவைத்தால் அவர் என்ன செய்வார்? கீழே இருப்பவர்கள் பழகிக்கொண்டார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, ரெகுலர் ஆள் வரட்டும் என்கிறார்கள். ரெகுலர் ஆள் வருவதற்குள் அக்காவின் பென்ஷன் நின்று எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. அரசியல் சட்டத்தில் இருப்பதை எடுத்து மாநிலச் சட்டத்தில் எழுதினால் போதும். துணைவேந்தரில் தொடங்கி வட்டாட்சியர், நகராட்சி ஆணையர், தலைமை ஆசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வரை எந்தப் பதவியும் ஆறு மாதத்துக்கு மேல் பொறுப்பில் ஓடக் கூடாது. பொறுப்பில் இருக்கும் நாட்களில் அவருடைய கையெழுத்துக்கு முழு மதிப்பும் முழுக் கடமையும் உண்டு என்று உத்தரவிலேயே எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரு கூடுதல் பொறுப்புக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஓய்வுபெறும் தேதி வேலையில் சேரும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே, அடுத்தவரை நியமிக்கும் வேலையை மூன்று மாதம் முன்னால் தொடங்குவதில் என்ன கஷ்டம்? வங்கியில் மேனேஜர் மாற்றலாகும் அன்றே சாவி வாங்க அடுத்தவர் வந்து நிற்பார்.

முதல் படியாக ஒன்றைக் கேட்கிறேன். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில், எந்தெந்தத் துறையில் எந்தெந்தப் பதவி எத்தனை நாளாகப் பொறுப்பு அதிகாரியை வைத்து ஓடுகிறது என்று ஒரு பட்டியலை அரசு அவையில் வைக்கட்டும். மாவட்ட வாரியாக, தேதியோடு. பூந்தமல்லி உறுப்பினர் கேட்டாலும் சரி, ஆவடி உறுப்பினர் கேட்டாலும் சரி. கட்சி எதுவானாலும் சரி. ஒரு எழுத்துமூலக் கேள்விதான். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.